பதினோராவது நிமிடம்

ரஸ்ஸல் ஓல்ட்ராய்டும் அவன் மகள் பெத்தனியும் எங்களுக்கு முன்வரிசையில் உட்காருவார்கள். ப்ரெக்டன் டவுன் மைதானத்தின் கிழக்கு ஸ்டாண்டில், கூரையைத் தாங்கும் இரும்புத் தூண் ஒரு பக்கத்து கோலைப் பாதி மறைக்கும் இடம் அது. டிக்கெட் சுலபமாகக் கிடைக்கும் என்பதால் நானும் என் கணவர் ஜெஃபும் கல்யாணமான புதிதில் அங்கே உட்கார்ந்தோம். பிறகு இடம் மாறத் தோன்றவில்லை.

பெத்தனி படித்த பள்ளிக்கூடத்தின் சமையலறையில்தான் எனக்கு வேலை. வார நாட்களில் அவள் தட்டில் பட்டாணி அள்ளி வைப்பேன், வேண்டாம் என்பாள். சனிக்கிழமைகளில் அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பந்து எங்கே ஓடினாலும் அவள் எங்கள் கோல்கீப்பரைத்தான் பார்ப்பாள். ஆட்டம் அந்தக் கோடியில் நடக்கும்போது அவன் இங்கே தனியாக என்ன செய்கிறான் என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாள். "இப்ப மூக்கை நோண்டறான்ப்பா. இப்ப யாராவது பாத்தாங்களான்னு பாக்கறான்." ரஸ்ஸல் பந்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே சிரிப்பான்.

அவள் நடக்கப் பழகும்போதே ரஸ்ஸலும் அவள் அம்மா ஜனீனும் பிரிந்துவிட்டார்கள். ஜனீன் பிறகு ஸ்டூவர்ட் என்பவரைக் கட்டிக்கொண்டு ஊரின் மேட்டுப் பகுதியில் குடியிருந்தாள். வாரத்தில் சனிக்கிழமை மட்டும் மகள் ரஸ்ஸலுக்கு. அவன் அதிகம் பேசாதவன், ரொட்டிக் கிடங்கில் வண்டிகளுக்குச் சரக்கு ஏற்றும் வேலை. ஒரு பெண்குழந்தையை எங்கே கூட்டிப்போவது, என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. மேட்ச் மட்டும்தான் தெரியும். அதனால் அங்கே கூட்டிவந்தான்.

அவளுக்குப் பதினோரு வயதானபோது, ஒரு ஜனவரி மாதம், மூளைக்காய்ச்சல் வந்தது. வியாழக்கிழமை தலைவலி என்று பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் போனாள். சனிக்கிழமை காலையில் இல்லை.

அடுத்து எங்கள் மைதானத்தில் நடந்த ஆட்டத்தில், அவள் வயதைக் குறிக்கும் பதினோராவது நிமிடத்தில், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஏற்பாடு செய்தவன் டேல். கோலுக்குப் பின்னால் முரசு அடிக்கிற பையன்களுக்கெல்லாம் தலைவன் அவன்தான், கூரை வேய்கிறவன், நல்ல மனசுக்காரன். ஜனீன் வீட்டுக்குப் பூங்கொத்தோடு போய்க் கேட்டு, அவள் சம்மதித்த பிறகுதான் செய்தான். ரஸ்ஸலை யாரும் கேட்கவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பேப்பரில் வந்திருந்தது அம்மாவின் விலாசம், அவ்வளவுதான். ஸ்கோர் பலகையில் பெத்தனியின் பள்ளிக்கூடப் படத்தைப் போட்டார்கள். எதிரணியோடு வந்த ஆட்களும் எழுந்து கைதட்டினார்கள். நான் அழுதேன். ஜெஃப் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஜனீனும் ஸ்டூவர்ட்டும் அன்று முதல்முறையாக மைதானத்துக்கு வந்து, டேலின் ஆட்களோடு நின்றார்கள். ரஸ்ஸல் தன் இடத்தில், பக்கத்து நாற்காலியில் கோட்டைப் போட்டுவிட்டு, எல்லோரையும் போல நின்று கைதட்டினான். அன்றைக்கு அது சரியாகத்தான் இருந்தது. இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அடுத்த ஆட்டத்திலும் தட்டினார்கள். அதற்கடுத்ததிலும். எப்படி நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் நிறுத்துகிறவன் கல்நெஞ்சக்காரன் ஆகிவிடுவான் இல்லையா? சீசன் முடிந்து அடுத்த சீசன் வந்தது. அதற்குள் அது எங்கள் கிளப்பின் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஜனீன் ஒரு பெரிய துணிப் பதாகை தைத்துக்கொண்டு வந்தாள். அதை முன்வரிசைக் கம்பியில் கட்டினார்கள்.

ஒருவருக்குச் செய்தால் மற்றவர்களுக்கும் செய்ய வேண்டியிருக்கிறது. வாசலில் டிக்கெட் கிழித்த கிழவர் இறந்தபோது அவருக்காக எழுபதாவது நிமிடத்தில் கைதட்டினோம். யாரோ ஒருவரின் மாமாவுக்காக அறுபத்திரண்டில். போர்களில் இறந்தவர்களுக்கு, பழைய ஆட்டக்காரர்களுக்கு, பழைய ஆட்டக்காரர்களின் மனைவிகளுக்கு, டிவியில் பார்த்த எங்கோ ஒரு விபத்துக்கு என்று ஆட்டம் தொடங்குமுன் மௌனமாக நிற்போம். ஒரு டிசம்பர் சனிக்கிழமை ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மௌனம். ஆட்டக்காரர்கள் குளிரில் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். "இதுக்குச் சாவுக்குப் போடற கறுப்புக் கோட்டே போட்டுட்டு வந்திருக்கலாம்" என்று ஜெஃப் என் காதில் முணுமுணுத்தார். உடனே முன்வரிசையைப் பார்த்தார், காது சிவந்து போயிற்று. ரஸ்ஸல் கேட்டானோ என்னவோ, திரும்பவில்லை.

அடுத்த நவம்பரில்தான் அந்த அடிதடி. பதினோராவது நிமிடம், எல்லோரும் நின்று தட்டிக்கொண்டிருந்தபோது எதிரணி கோல் போட்டுவிட்டது. எங்கள் இடது பக்கத் தடுப்பாட்டக்காரன் கைதட்டிக்கொண்டு நின்றான், அதனால்தான் விட்டான் என்று சிலர் சத்தியம் செய்தார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் தட்டவில்லை, காற்றை உதைத்தான், அவ்வளவுதான். இடைவேளையில் தேநீர் வரிசையில் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அந்தப் பொண்ணு செத்து ரெண்டு வருஷமாகப்போவுது. இன்னும் எத்தனை நாளைக்கு? நாம வர்றது மேட்ச் பாக்கவா, சாவு வீட்டுக்கா?" சொல்லி வாயை மூடுவதற்குள் டேலின் ஆட்களில் ஒருவன் அவர் உதட்டைப் பிளந்துவிட்டான்.

ரஸ்ஸல் வரிசையில் இரண்டு ஆள் தள்ளி நின்றிருந்தான். யாருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. கவுண்டரிலிருந்து காகிதக் கைக்குட்டைகளை ஒரு பிடி எடுத்துப்போய் அந்த மனிதரிடம் கொடுத்தான். "ரொம்ப நன்றிப்பா" என்றார் அவர், ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே.

அன்றைக்கு இரண்டாம் பாதி முழுக்க நானும் ரஸ்ஸலும் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுவரோரம் நின்றோம். அவன் இருக்கைக்குத் திரும்பவில்லை, அவனைத் தனியே விட எனக்கும் மனம் வரவில்லை. அவ்வளவு நாள் பழகியும் அவன் என்னிடம் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. அன்றைக்குத்தான் பேசினான்.

"நான் எதுக்கு இன்னும் வர்றேன்னு தெரியுமா, ஆட்ரி? இங்க வந்து உக்காந்தா அவ வர்றா. நெசமாத்தான் சொல்றேன். விசில் ஊதினதும் பக்கத்துல பேச ஆரம்பிச்சுடுவா. வீட்ல வரமாட்டா, இங்கதான் வருவா. பத்து நிமிஷம் அவ எங்கூட மேட்ச் பாக்கறா. பதினோராவது நிமிஷம் இவங்க எல்லாரும் எழுந்து நின்னு, உம் பொண்ணு செத்துட்டா, செத்துட்டான்னு கைதட்டறாங்க. அப்புறம் நான் தனியாத்தான் உக்காந்திருக்கேன்."

கிளப்பில் போய் நிறுத்தச் சொல் என்று நான்தான் சொன்னேன். அப்பாவுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்றேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு, என்னையும் கூட வரச் சொன்னான்.

கிளப் அலுவலகத்தை நடத்துகிறவர் யுவோன் போலார்ட் என்கிற அம்மாள். டிக்கெட்டிலிருந்து கழிவறைப் புகார் வரைக்கும் எல்லாம் அவர் தலையில்தான். ரஸ்ஸல் சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் தெரிந்தது வருத்தமில்லை, நிம்மதி. ஒவ்வொரு வாரமும் ஐந்தாறு குடும்பத்தார் இப்படித் தட்டச் சொல்லிக் கேட்கிறார்களாம். ஒருத்தர் தன் நாய்க்காகக் கேட்டாராம். வருடத்தில் ஒரு ஆட்டத்தன்று எல்லாப் பெயரையும் வாசித்துவிட்டு, மற்ற நாட்களில் ஆட்டத்தை ஆட்டமாக விட்டுவிடலாம் என்று நிர்வாகத்தில் எல்லோருக்கும் எண்ணமாம்.

"ஆனா பெத்தனிக்குத் தட்டிக்கிட்டே மத்தவங்களுக்கு இல்லேன்னு எப்படிச் சொல்றது? பெத்தனிக்கு நிறுத்தற தைரியமும் எங்க யாருக்கும் இல்ல. நீங்களா வந்து சொன்னது ரொம்பப் பெரிய விஷயம், மிஸ்டர் ஓல்ட்ராய்ட்."

தான் கேட்டதாக வெளியே தெரியக் கூடாது என்றான் ரஸ்ஸல். தெரியாது என்றார் அந்த அம்மாள். ஜனீனிடம் மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள் என்றார். பேசுகிறேன் என்றான்.

பேசத்தான் போனான். ஜனீன் வாயில் குண்டூசிகளோடு கதவைத் திறந்திருக்கிறாள். கூடத்தில் அந்தப் பதாகை தரை முழுக்க விரிந்து கிடந்ததாம். மழையில் எழுத்துகள் வெளுத்துவிட்டன என்று புதுத் துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வந்ததுதான் வந்தாய், அந்த முனையைப் பிடி என்றாளாம். இவன் மண்டியிட்டுப் பிடித்திருக்கிறான். ஓரம் முழுக்கத் தைத்து முடிக்கும்வரை பிடித்திருந்துவிட்டு, அவள் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டான். மறுநாள் என்னிடம் இதைச் சொன்னபோது, எப்படி அந்த வார்த்தையைச் சொல்வது என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை. கடிதம் எழுது என்றேன். எழுதவில்லை.

பிப்ரவரியில் கிளப் அறிவிப்பு வெளியிட்டது. ஆட்டத்தின் நடுவே இனி அஞ்சலிகள் கிடையாது, சம்பந்தப்பட்ட குடும்பத்தினருடன் கலந்து பேசியே இந்த முடிவு என்று போட்டிருந்தார்கள். ஜனீன் அதைப் படித்துவிட்டு அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு, எந்தக் குடும்பம் என்று கத்தியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும் என்று நினைத்து யாரோ சொல்லிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை மைதான வாசலில் அவள் காத்திருந்தாள். ஸ்டூவர்ட் சுருட்டிய பதாகையை அணைத்துப் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார். நானும் ஜெஃபும் ரஸ்ஸலோடுதான் நடந்து வந்தோம், விலகிப் போகவும் வழியில்லை. அவள் கத்துவாள் என்று பயந்தேன். கத்தவில்லை.

"என் வீட்டுக்கு வந்தியே, ரஸ். அந்தத் துணியைப் பிடிச்சுக்கிட்டு இருந்தியே. அப்பவே கேட்டு முடிச்சுட்டுத்தானே வந்திருந்த?"

அவன் ஆமாம் என்றான்.

"நான் வேலை பாக்கற ஆபீஸ்ல இப்ப யாரும் அவ பேரைச் சொல்றதில்ல. எங்க அக்கா சொல்றதில்ல. நான் சொன்னா ஸ்டூவர்ட் எழுந்து சமையல்கட்டுக்குப் போயிடறாரு. பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை நாலாயிரம் பேர் எழுந்து நின்னு எம் பொண்ணு இருந்தான்னு சொல்றாங்க. எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான். அதுவும் உனக்குக் கண்ணை உறுத்துதா?"

"எனக்கு அவளோட பத்து நிமிஷம் இருக்கு, ஜனீன்" என்றான். "உனக்கு அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"சனிக்கிழமை பூரா உங்கிட்டதான இருந்தா. அத்தனை வருஷமும். அது போதாதா உனக்கு?"

அவர்கள் இருவரில் யார் சொன்னது சரி என்று அன்று முதல் யோசித்துப் பார்க்கிறேன். என்னால் ஒரு பக்கம் சாய முடிவதில்லை.

அவள் பக்கம் நியாயம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பதினோராவது நிமிடம் வந்ததும் மைதானம் முழுக்க எழுந்தது. பெத்தனி இறந்த வாரத்தில்கூட அப்படித் தட்டவில்லை. ஒரு நிமிடம் முடிந்தும் கைதட்டல் ஓயவில்லை. அந்தச் சமயத்தில் கிளப் தலைவர் மைதானத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்கப்போகிறார் என்று பேச்சு இருந்தது. ஜனங்களுக்கு அவர்மேல் ஏற்கெனவே ஆத்திரம். டேல் முரசைத் தூக்கிக்கொண்டான். மூன்று தடவை பெத்தனியின் பெயர், அதற்கடுத்துத் தலைவரின் தாயைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை. அது பாட்டாகிவிட்டது. மறுபடி மூன்று தடவை அவள் பெயர், மறுபடி அந்த வார்த்தை. தலைவர் உட்கார்ந்திருந்த பக்கம் பாட்டில் மூடிகளும் நாணயங்களும் பறந்தன. சின்னப் பிள்ளைகள்கூடச் சிரித்துக்கொண்டே பாடின.

ஜனீன் கீழே கம்பியோரம் நின்றிருந்தாள். முதலில் அவள் முகம் மலர்ந்துதான் இருந்தது. பிறகு பாட்டின் வார்த்தைகள் அவள் காதில் விழுந்திருக்கின்றன. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, போதும் என்பதுபோல இரண்டு கைகளையும் உயர்த்தினாள். தங்களை உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்து அவர்கள் இன்னும் உரக்கப் பாடினார்கள். அவள் கைகளை ஆட்ட ஆட்டச் சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் ஸ்டூவர்ட் அவள் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

எங்கள் வரிசையில் ரஸ்ஸலை இப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நடைபாதை ஓரத்திலிருந்த கிழவர் ஒருவர் குனிந்து, "வெக்கமா இல்லையாய்யா உனக்கு?" என்றார். ரஸ்ஸல் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டான். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான். அதற்குப் பிறகு அவன் மைதானத்துக்கு வரவில்லை.

கிளப் நான்கே நாளில் மன்னிப்புக் கேட்டு, கைதட்டலுக்குத் தடையில்லை என்றது. தலைவரும் சீசன் முடியுமுன் கிளப்பை வேறொருவரிடம் தள்ளிவிட்டுப் போய்விட்டார். அதோடு அந்தப் பாட்டுக்கு வேலையில்லாமல் போயிற்று. எங்கள் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. கூட்டம் பாதியாகக் குறைந்தது. டேல் தெற்கே வேலை கிடைத்துப் போய்விட்டான், முரசை எடுத்து அடிக்க யாரும் வரவில்லை. கைதட்டலை யாரும் நிறுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் உட்கார்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான். முதலில் உட்கார்ந்தபடியே தட்டினார்கள். பிறகு கையில் தேநீர் இருக்கிறவர்கள் தட்டவில்லை. போன மார்ச்சில் தட்டியவர்கள் நாங்கள் முப்பது பேர் இருந்திருப்போம். எனக்குப் பக்கத்தில் புதிதாக வந்திருந்த பெண் ஆடுகளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, எதற்குத் தட்டுகிறீர்கள், அடிபட்டு யாராவது வெளியே போகிறார்களா என்று கேட்டாள். ஜனீன் மட்டும் கம்பியோரம் நின்று அந்த நிமிடம் முடியும்வரை தட்டினாள். அவ்வளவு காலியான இடத்தில் ஒரு ஆளின் கைச்சத்தம் தனியாகக் கேட்கும்.

ரஸ்ஸலைக் கடைத்தெருவில் ஒருநாள் பார்த்தேன். சனிக்கிழமை வேலையைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டானாம். இளைத்திருந்தான். வா, இப்போது யாரும் உன்னைப் பார்க்க மாட்டார்கள், தட்டுகிறவர்களும் இல்லை என்றேன்.

"ஒருதடவை வந்தேன்" என்றான். "மேட்ச் இல்லாத நாள்ல. யுவோன் தெரிஞ்சவங்கதானே, உள்ள விட்டாங்க. அரைமணி நேரம் உக்காந்து பாத்தேன். வரல, ஆட்ரி. அன்னைக்கு அந்தப் பாட்டை அவ கேட்டுட்டா இல்ல, அதுலேந்து வரல."

அவளுக்கு அது கேட்காது என்று சொல்ல வாயெடுத்தேன். பத்து நிமிடங்களை நம்பியவனிடம் அதை எப்படிச் சொல்வது? ரொட்டி எப்படி விலை ஏறிவிட்டது என்று ஏதோ பேசிவிட்டுப் பிரிந்தோம்.

மே மாதம் கடைசி ஆட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஜனீன் எங்கள் வரிசைக்கு ஏறி வந்தாள். அவள் அங்கே வந்ததே இல்லை. ரஸ்ஸல் எங்கே உட்காருவான், பெத்தனி எந்தப் பக்கம் என்று கேட்டாள். காட்டினேன். அந்த இரண்டு இடத்தையும் அடுத்த சீசனுக்குத் தான் வாங்கலாமா என்று விசாரித்தாளாம். வேறு யாரோ முன்பே வாங்கிவிட்டார்களாம்.

"இங்க உக்காந்து என்ன பேசுவா?" என்று கேட்டாள். "எனக்கு அவளோட சனிக்கிழமை பத்தி எதுவுமே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் ஜெயிச்சாங்களா தோத்தாங்களான்னு கேப்பேன். பதில் சொல்லிட்டு மாடிக்குப் போயிடுவா."

எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவள் அந்த நாற்காலியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். இன்னும், இன்னும் என்றாள். துப்புரவுப் பையன்கள் கீழ்வரிசையில் குப்பை கூட்டத் தொடங்குவதற்குள் என்னிடம் இருந்தது தீர்ந்துவிட்டது. அப்பாவும் மகளும் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், நான் மேட்ச்சைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு எவ்வளவு தெரியும்?

"ரஸ்ஸலுக்குத்தான் எல்லாம் தெரியும், கண்ணு" என்றேன். "ஒருதடவை போய்க் கேளேன்."

"சொல்ல மாட்டான்" என்றாள். நாற்காலி விளிம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, "நானும் கேக்க மாட்டேன்" என்றாள்.

அவள் அடுத்த சீசனுக்கு டிக்கெட் வாங்கவில்லை.